குளியல் கூடத்தில் மூன்று தலைமுறை

தென்கொரியாவில் அப்பாக்கள் மகன்களைப் பொதுக் குளியல் கூடத்துக்கு அழைத்துப் போவது நெடுநாள் வழக்கம். ஒரே வெந்நீர்த் தொட்டியில் தாத்தா, அப்பா, பேரன் மூவரும் உடுதுணி இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் அந்தத் தொட்டியில் இருந்தவர்களுக்குள் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு ஒன்று உண்டு. எழுபதைத் தாண்டிய தாத்தாக்களில் பத்தில் ஒருவருக்குக்கூட முன்தோல் நீக்கப்பட்டிருக்கவில்லை. உயர்நிலைப் பள்ளி வயதுப் பேரன்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீக்கப்பட்டிருந்தது. குடும்பம் அதேதான், ஊர் அதேதான். யாரும் இஸ்லாத்துக்கோ யூத மதத்துக்கோ மாறவில்லை. அரசு சட்டம் எதுவும் போடவில்லை. இருந்தும் ஐம்பது அறுபது ஆண்டுக்குள் ஒரு நாட்டின் ஆண்கள் ஏறத்தாழ எல்லோருடைய உடலும் மாறிப்போனது.

சுன்னத்து, கத்னா, விருத்தசேதனம் என்று தமிழில் நமக்குச் சொற்கள் பல உண்டு. அவை எல்லாமே ஏதோ ஒரு வேதத்தின் வழியாக நம்மிடம் வந்தவை. அதனால் இந்த வழக்கம் என்றாலே மதத்தின் பாற்பட்டது, மதம் இருக்கும்வரை மாறாதது என்று நினைத்துவிடுகிறோம். உலகக் கணக்கைப் பார்த்தால் அந்த நினைப்பில் பாதி உண்மை இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு முன்தோல் நீக்கப்பட்டிருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் மதிப்பிட்டது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முஸ்லிம்கள். மீதி ஒரு பங்கில்தான் கதை இருக்கிறது. அமெரிக்கா, தென்கொரியா, பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்காவின் பல இனக்குழுக்கள் எல்லாம் அதற்குள் வருகின்றன. அந்த ஒரு பங்கு ஏறும், இறங்கும், சில இடங்களில் ஒரே தலைமுறையில் தலைகீழாகும். ஏன் என்று தேடினால் கொரியாவைவிடத் தெளிவான பாடம் வேறெங்கும் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

கொரியாவில் இது நடந்தது என்பதே முதலில் வியப்புக்குரியது. உடலும் மயிரும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றுக்கு ஊறு செய்யாதிருப்பதே மகனின் முதற்கடமை என்பது அங்கே ஊறிப்போன கன்பூசியக் கொள்கை. 1895இல் ஆண்கள் உச்சிக்குடுமியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று அரசு ஆணை போட்டபோது நாடே கொதித்தது. அறிஞர்கள் தலைமையில் ஆயுதம் ஏந்திய கிளர்ச்சிகள் மூண்டன. வெட்டினால் திரும்ப வளரும் மயிருக்காக அத்தனை எதிர்ப்பு. அந்தக் கிளர்ச்சிக்காரர்களின் கொள்ளுப்பேரர்கள் திரும்ப வளராத ஒன்றை, எதிர்ப்பின் முணுமுணுப்புகூட இல்லாமல், பள்ளி விடுமுறையில் போய் வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

இடையில் நேர்ந்தது அமெரிக்கா. 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்து அமெரிக்க ராணுவம் தெற்கே வந்தது. 1950 முதல் 1953 வரை போர். அந்தக் காலத்து அமெரிக்காவில் மருத்துவமனையில் பிறக்கும் ஆண் குழந்தைக்கு முன்தோலை நீக்குவது தொப்புள்கொடி அறுப்பது போல வாடிக்கையாகிவிட்டிருந்தது. அமெரிக்க மருத்துவத்தைப் பார்த்துப் படித்த கொரிய மருத்துவர்களுக்கு அது சுத்தத்தின், நவீனத்தின் அடையாளமாகத் தெரிந்தது. ஆனால் அவர்கள் அமெரிக்காவை அப்படியே நகலெடுக்கவும் இல்லை. பிறந்த குழந்தைக்குச் செய்வது கொரியாவில் அரிது. பெரும்பாலும் பன்னிரண்டு வயதை ஒட்டி, தொடக்கப் பள்ளி முடியும் தறுவாயில், பனிக்கால விடுமுறையில் செய்தார்கள். விட்டுப்போனவர்கள் இளைஞர்களான பிறகு செய்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்த அறுவைக்குக் கொரிய மொழியில் வழங்கும் பெயர் ‘போக்யங் சுசுல்’. ‘சுசுல்’ என்றால் அறுவை சிகிச்சை. ‘போக்யங்’ என்பது முன்தோல் பின்னுக்கு வராமல் இறுகியிருக்கும் நிலைக்கான மருத்துவப் பெயர். ஆக, பெயரே ‘தோல் இறுக்க நோய்க்கான அறுவை’ என்றாகிறது. பெயரில் நோய் இருக்கிறது, ஆகவே தோல் உள்ளவனெல்லாம் நோயாளி. உண்மையில் பிறந்த குழந்தைக்கு முன்தோல் உள்ளே ஒட்டியிருப்பதே இயல்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தானாக விலகும். ஆங்கில மருத்துவர் டக்ளஸ் கேர்ட்னர் இதை 1949இலேயே எழுதிவிட்டார். டென்மார்க்கின் யாகோப் ஓஸ்டர் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து, சிலருக்கு இந்த விலகல் பதினாறு பதினேழு வயதுவரைகூட நீளும் என்று 1968இல் காட்டினார். பன்னிரண்டு வயதுப் பையனின் உடலில் பாதி வழியில் இருக்கும் வளர்ச்சியை நோய் என்று பெயரிட்டு அழைத்தால், எந்தத் தாய்தான் மகனை மருத்துவரிடம் கூட்டிப்போகாமல் இருப்பாள்?

‘போக்யங்’ என்ற அதே ஒலிக்குக் கொரிய மொழியில் திமிங்கில வேட்டை என்றும் பொருள் உண்டு. அதனால் பையன்கள் தமக்குள் ‘திமிங்கிலம் பிடிக்கப் போகிறேன்’ என்று சொல்லிக்கொள்வார்கள். பிடித்துவிட்டு வந்த பையனைத் தெருவில் பார்த்தாலே தெரியும். புண்ணில் துணி உரசாமல் இருக்கக் காற்சட்டைக்குள் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கால்களை அகட்டி அகட்டி நடப்பான். சனவரி மாதத்தில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி இரண்டு மூன்று பேராவது நடந்துகொண்டிருப்பார்கள். வகுப்பில் நான்கு பேர் அந்த நடை நடந்த பிறகு ஐந்தாமவனுக்கு வேறு வழி ஏது? அவனைத் தள்ளியவை குளியல் கூடமும் வகுப்பறையும்தான். மருத்துவக் காரணம் அதற்குப் பிறகே வந்தது.

இதை எண்ணிப் பார்க்கத் துணிந்தவர்கள் சிறுநீரக மருத்துவர்கள் அல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் கிம் தே-சிக், விலங்கினப் பெருக்கத் துறை ஆய்வாளர் பாங் மியுங்-கோல் இருவரும்தான் அதைச் செய்தார்கள். வயதுவாரியாக ஆண்களிடம் கேட்டுக் கேட்டு, 1945க்கு முன் ஏறத்தாழ இல்லாதிருந்த ஒன்று எப்படி எந்தெந்த வயதினரிடம் பரவியது என்ற வரைபடத்தை உருவாக்கினார்கள். 2002இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் தலைப்பிலேயே இந்த விகிதத்தை ‘அசாதாரணமான உயர்வு’ என்று குறிப்பிட்டிருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. மக்களுக்குப் புரியும்படி எழுதினார்கள், பேசினார்கள். அதே சமயம் கொரிய வீடுகளில் இணையம் நுழைந்தது. உலகில் பெரும்பாலான நாடுகளில் இப்படிச் செய்வதில்லை, ஜப்பானில் இல்லை, ஐரோப்பாவில் இல்லை என்ற செய்தி முதன்முறையாகத் தாய்மார்களின் கண்ணில் பட்டது.

அதன்பின் நடந்த சரிவுதான் என்னைத் திரும்பத் திரும்ப இந்த எண்களிடம் இழுக்கிறது. அதே ஆய்வாளர்கள் 2009 முதல் 2011 வரை மறுபடி கணக்கெடுத்தார்கள். 14 முதல் 29 வயதுவரை உள்ளவர்களில் 2002இல் 86.3 சதவீதமாக இருந்தது 75.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதைமட்டும் பார்த்தால் பெரிய இறக்கம் போலத் தோன்றாது. இளையவர்களைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். 17 முதல் 19 வயதில் 95.2 இருந்த இடத்தில் 74.4. 14 முதல் 16 வயதில் 88.4 இருந்த இடத்தில் 56.4. ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டபோது, படித்தோம், கேட்டறிந்தோம் என்பதே பலரின் பதிலாக இருந்தது. எந்த ஆணையும் தடையும் இல்லாமல், தகவல் ஒன்றே இவ்வளவு வேலை செய்திருக்கிறது.

இங்கே எண்களைப் படிப்பதில் ஒரு கவனம் தேவைப்படுகிறது. ‘ஒரு நாட்டு ஆண்களில் எத்தனை பேருக்கு’ என்ற கேள்வியும் ‘இந்த ஆண்டு எத்தனை சிறுவர்களுக்கு’ என்ற கேள்வியும் வேறு வேறு. ஏரியின் நீர்மட்டமும் வாய்க்கால் வரத்தும் போல. முன்தோல் நீக்கம் திரும்பப்பெற முடியாதது என்பதால் ஏரியில் சேர்ந்த நீர் அறுபது எழுபது ஆண்டு வடியாது. கொரியாவில் வரத்து வேகமாகக் குறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், முன்தோல் நீக்கப்படாத முதியவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் இடத்தை நீக்கப்பட்ட நடுவயதினர் நிரப்பினார்கள். எல்லா வயதையும் சேர்த்துப் போடும் தேசியச் சராசரிக்கு இப்படிப்பட்ட சரிவை மறைத்துவிடும் வல்லமை உண்டு. சராசரியை மட்டும் பார்ப்பவர் ‘வழக்கம் உறுதியாக நிற்கிறது’ என்று எழுதிவிட்டுப் போவார். காலடியில் மண் சரிந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

பிரிட்டனில் இந்த வரத்து நிதானமாகக் குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுயஇன்பம் பற்றிய விக்டோரியாக் கால அச்சத்தோடும் தூய்மை மோகத்தோடும் அங்கே பரவிய வழக்கம் இது. வசதியான குடும்பங்களில் அதிகமாகவும் ஏழை வீடுகளில் குறைவாகவும் இருந்தது. 1948இல் வந்த தேசியச் சுகாதாரச் சேவை இதற்குப் பணம் தரவில்லை. மறு ஆண்டே கேர்ட்னரின் கட்டுரை வந்தது. இந்தச் சிறு அறுவையால் ஆண்டுதோறும் சில குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததை அவர் எண்ணிக் காட்டினார். தேவையில்லாத ஒன்றுக்காக ஒரு குழந்தை இறந்தாலும் அது அதிகம் அல்லவா? 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 40 முதல் 44 வயது பிரிட்டிஷ் ஆண்களில் 19.6 சதவீதம், 16 முதல் 19 வயதில் 11.7 சதவீதம். மிஞ்சியிருந்ததிலும் கணிசமான பங்கு குடியேறிய முஸ்லிம் குடும்பங்களுடையது.

வழக்கத்தை ஏற்றுமதி செய்த அமெரிக்காவில் கதை இத்தனை நேராகப் போகவில்லை. மருத்துவமனையில் பிறந்த ஆண் குழந்தைகளில், தாயும் சேயும் வீடு திரும்பும் முன்பே முன்தோல் நீக்கப்பட்டவர்கள் 1979இல் 64.5 சதவீதம், 2010இல் 58.3 சதவீதம். முப்பதாண்டில் ஆறு புள்ளி. ஆனால் வரைபடத்தைப் பிராந்தியமாக விரித்தால் இரண்டு அமெரிக்காக்கள் தெரிகின்றன. வடகிழக்கில் 66.2 இருந்தது 66.3 ஆயிற்று, அதாவது அசையவே இல்லை. மேற்கு மாநிலங்களில் 63.9 இருந்தது 40.2 ஆனது. மேற்கில் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் பெருகின. அவர்களிடம் இந்த வழக்கம் இல்லை. இன்னொரு காரணம் பணம். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் கலிபோர்னியா 1982இல் இந்தச் செலவை நிறுத்தியது. பிறகு வேறு பல மாநிலங்களும் நிறுத்தின. காப்பீடு பணம் தரும் மாநிலங்களில் உள்ள மருத்துவமனைகளின் விகிதம், தராத மாநிலங்களில் உள்ளவற்றைவிட 24 புள்ளி அதிகம் என்று 2009இல் ஓர் ஆய்வு கண்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1971 முதல் 2012 வரை பலமுறை தன் நிலைப்பாட்டை எழுதியிருக்கிறது. மருத்துவக் காரணம் ஏதும் இல்லை என்று தொடங்கி, நன்மை ஆபத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை என்பதில் வந்து நின்றது. அந்த அறிக்கைகளைவிட, ‘இதற்குத் தனியாகக் கட்டணம்’ என்று கணக்கர் சொல்லும் ஒரு வாக்கியம் பெற்றோரை அதிகமாக யோசிக்க வைத்தது என்றே நான் நம்புகிறேன்.

அந்த 58.3 சதவீதத்துக்கும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையக் குறைய, சில குழந்தைகளுக்கு வீடு திரும்பிய பின் வெளிநோயாளியாக வந்து செய்கிறார்கள். யூதர்கள் எட்டாம் நாள் வீட்டிலோ வழிபாட்டிடத்திலோ செய்கிறார்கள். இவை எதுவும் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறாது. ஆண்களை நேரடியாகக் கேட்ட 2005–2010 காலத்துத் தேசிய ஆய்வில் 14 முதல் 59 வயதினரில் 80.5 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். ஒரே நாடு, ஒரே பத்தாண்டு, எண்கள் இரண்டு. ஒன்று வாய்க்கால், மற்றது ஏரி.

கேட்டு அறிவதிலும் சிக்கல் உண்டு. தென்னாப்பிரிக்காவுக்குள் தீவுபோல் இருக்கும் லெசோதோவில் ராணுவத்துக்குப் புதிதாகச் சேர வந்த இளைஞர்களிடம் கேட்டார்கள், பிறகு பரிசோதித்தும் பார்த்தார்கள். ‘எனக்குச் செய்திருக்கிறது’ என்றவர்களில் பாதிப் பேருக்குத்தான் முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது. கால்வாசிப் பேருக்கு அரைகுறை. மீதிப் பேருக்குச் சுவடே இல்லை. அவர்கள் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பையன்கள் மலைக்குப் போய் ஆண்மகனாகத் திரும்பும் சடங்கையே கேள்வி குறிப்பதாக அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் சடங்கைச் சொன்னார்கள், ஆய்வாளர் தோலைக் கேட்டார்.

ஆப்பிரிக்காவில் இந்த விகிதம் வரலாற்றோடு சேர்ந்து ஏறி இறங்கியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சூலு மன்னர் ஷாகா படைதிரட்டும் வேகத்தில் இந்தச் சடங்கை நிறுத்திவிட்டார். பையன்கள் மாதக்கணக்கில் காட்டில் புண்ணாற்றிக்கொண்டிருந்தால் போருக்கு யார் போவது? ஏறத்தாழ இருநூறாண்டு கழித்து, 2009இல், சூலு மன்னர் குட்வில் ஸ்வெலிதினி அதை மீட்க அழைப்பு விடுத்தார். இம்முறை எதிரி எச்.ஐ.வி. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் பார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் ஆகிய மூன்று இடங்களில் நடந்த சோதனைகள், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை இந்த அறுவை ஏறக்குறைய 60 சதவீதம் குறைக்கிறது என்று 2005க்கும் 2007க்கும் இடையில் காட்டின. 2007 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நோய் மிகுந்த கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் 2019 முடிவதற்குள் ஏறத்தாழ 2.7 கோடிப் பேருக்கு இது செய்யப்பட்டது. இத்தனை பெரிய எண்ணிக்கையில், இத்தனை குறைந்த காலத்தில், வளர்ந்த ஆண்களின் உடலை மாற்றிய திட்டம் வேறு இருந்ததாக நான் அறியேன்.

கிசுமு கென்யாவின் லுவோ மக்களின் நகரம். லுவோ மரபில் ஆண்மைக்கான அடையாளம் கீழ்த்தாடையின் ஆறு பற்களைப் பிடுங்குவது, முன்தோல் நீக்கம் கிடையாது. நீக்கும் வழக்கமுள்ள பிற இனத்தார் இதை வைத்தே அவர்களை இழிவுபடுத்தினார்கள். முன்தோலோடு இருப்பவன் சிறுவன், சிறுவன் நாட்டை ஆள முடியாது என்பது தேர்தல் மேடைப் பேச்சாகவே இருந்தது. 2007 தேர்தலுக்குப் பின் வெடித்த கலவரத்தில் லுவோ ஆண்களைப் பிடித்துத் தெருவில் வைத்து வலுக்கட்டாயமாக முன்தோலை வெட்டிய கொடுமை நடந்தது. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம்வரை அது போனது. அந்த ரத்தம் காயும் முன்பே, 2008இல், லுவோ இனத்தவரான பிரதமர் ரைலா ஒடிங்கா தன் மக்களிடம், நோயிலிருந்து காக்கும் என்பதால் இதைச் செய்துகொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவமானத்தின் கருவியாக இருந்ததை மருந்தாகக் கையில் எடுக்கச் சொல்வதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்! லுவோக்கள் நிறைந்த நியான்சா மாகாணத்தில் 2007இல் 48 சதவீதமாக இருந்தது 2012இல் 66 சதவீதமாயிற்று. தன் விருப்பத்தின் பேரில் மருத்துவமனைக்கு நடந்துவந்தவர்கள் உயர்த்திய எண் அது.

ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் எண்ணுக்கு நாம் தொலைவு போக வேண்டாம். தமிழ் முஸ்லிம்களிடையே இது நபிவழி. ஏறத்தாழ எல்லோருக்கும் செய்யப்படுவதால், உலகக் கணக்கு போடுபவர்களும் முஸ்லிம் ஆண்களின் தொகையை அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் எண் மாறவில்லை என்பதால் வேறெதுவும் மாறவில்லை என்று ஆகிவிடாது. முன்பெல்லாம் ஐந்து, ஏழு வயதில் ‘மார்க்கக் கல்யாணம்’ நடக்கும். பையனுக்குப் புதுக்கைலி, கழுத்தில் மாலை, வசதி உள்ளவர்கள் குதிரையில் ஊர்வலம். கவிழ்த்த உரலில் உட்கார வைத்து, மாமன் பின்னாலிருந்து கைகால்களை இறுகப் பிடித்துக்கொள்ள, முன்தோல் நீக்குபவரான ஒசா கத்தியை எடுப்பார். கூடியிருப்பவர்கள் ‘தீன்!’ என்று எழுப்பும் ஓசையில் பையனின் அலறல் அமிழ்ந்துபோகும். ஒசாவுக்கு இலங்கையில் ‘ஒஸ்தா மாமா’ என்று பெயர். பிறகு பல நாள், உத்தரத்திலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட வெள்ளைத் துணி புண்ணில் படாமல் கூடாரம்போல் நிற்க, அதன் கீழே பையன் மல்லாந்து கிடப்பான். உறவுக்காரர்கள் முட்டையும் காசும் கொண்டுவருவார்கள்.

இன்று பெரும்பாலும் மருத்துவமனை, மரத்துப்போக ஊசி, கைக்குழந்தையாக இருக்கும்போதே செய்துவிடுவது. ஒசாவின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். விகிதத்தை மட்டும் கணக்கிடும் அட்டவணையில் ஐம்பதாண்டு முன்பும் இன்றும் ஒரே எண்தான் இருக்கும். வயது, வலி, செய்யும் கை, அந்த நாளைப் பற்றிய நினைவு ஆகிய நான்கும் முழுக்க மாறியிருப்பதற்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது. யூதர்களைப் போல இறைவனுடனான உடன்படிக்கையாகவோ, முஸ்லிம்களைப் போல நபிவழியாகவோ ஏற்றவர்களிடம் ‘ஏன் செய்ய வேண்டும்’ என்பதற்குப் பதில் முன்பே இருக்கிறது. அவர்களிடம் மாறுவது ‘எப்படி’ மட்டும். ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பது மட்டுமே பதிலாக இருந்த இடங்களில்தான் விகிதம் சரிகிறது.

உலக மொத்தக் கணக்கைப் படிப்பதிலும் கவனம் தேவை. 2007இல் 30 சதவீதம் என்றார்கள். 2016இல் வேறொரு குழு 37 முதல் 39 சதவீதம் என்று மதிப்பிட்டது. இரண்டுக்கும் கணக்கிட்ட முறை வேறு, தரவு வேறு. இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ‘ஏறிவிட்டது’ என்று படிக்கக் கூடாது.

கொரியாவின் எண்ணிக்கைக்குத்தான் மறுபடி திரும்புகிறேன். 2011இல் 14 முதல் 16 வயதில் இருந்த அந்தப் பையன்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் திமிங்கிலம் பிடிக்கப் போகாதவர்கள். பள்ளிக் குளியலறையில் தனியன் என்ற கூச்சம் அவர்களுக்கு இருந்திருக்காது, பக்கத்தில் இன்னொருவன் இருந்தான். இப்போது அவர்களுக்கு முப்பது வயதை ஒட்டி ஆகிறது. சிலர் அப்பாவாகியிருப்பார்கள். தொட்டிலில் கிடக்கும் மகன் பன்னிரண்டு வயதின் பனிக்கால விடுமுறையை எட்டும்போது அவனை அறுவை மேசைக்கு அழைத்துப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.